சைக்கிள் பயணத்துக்கு ஜி.பி.எஸ். கருவி: வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

(இரண்டாம் ஆண்டு, மின்னணு மற்றும் தொடர்பியல் துறை)

முன்னுரை



நம் மன்றத்துச் சைக்கிள் குழு, பொங்கல் விடுமுறையில் திருக்கோவிலூரிலிருந்து கல்வராயன் மலைக்கு இரண்டு நாள் பயணம் போவதென்று முடிவு செய்திருக்கிறது. பதினாறு பேர். ஆளுக்கு ஐநூறு ரூபாய் போட்டு எட்டாயிரம் சேர்ந்திருக்கிறது. அந்தப் பணத்தில் வழிகாட்டும் ஜி.பி.எஸ். கருவி ஒன்று வாங்கலாம் என்று சிலரும், கூட இன்னும் கொஞ்சம் வசூல் பண்ணி வரைபடம் உள்ள பெரிய கருவியே வாங்கிடலாம் என்று சிலரும், போன் இருக்கும்போது இது எதுக்குடா வீண் செலவு என்று சிலரும் சொன்னார்கள். தொடர்பியல் துறை ஆள் நீதானே, படிச்சுப் பார்த்துச் சொல்லு என்று வேலையை என்னிடம் கொடுத்துவிட்டார்கள்.

இந்த எட்டாயிரத்தில் பாதி, லீவு நாளில் கரும்பு வெட்டவும், கல்யாண மண்டபத்தில் பரிமாறவும் போய் வந்த காசு. ஆகவே விளம்பரத்தைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது, கணக்குப் போட்டுத்தான் செய்ய வேண்டும் என்று நினைத்தேன். அப்படி நான் படித்ததையும் போட்ட கணக்கையும் இங்கே வரிசையாகத் தருகிறேன். இந்தப் பயணத்துக்கு வராத நண்பர்களுக்கும் இது பயன்படும். ஜி.பி.எஸ். நம் பாடத்திலேயே வருகிற விஷயம்தானே!

1. கருவி எப்படி இடத்தைக் கண்டுபிடிக்கிறது?

இடத்தை அளக்கும் வேலை நம் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1802-ஆம் ஆண்டு ஏப்ரலில் வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி, சென்னை பரங்கிமலைப் பக்கம் சுமார் ஏழரை மைல் நீளத்துக்கு ஓர் அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்தார். இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவை அங்கிருந்துதான் தொடங்கியது. ஒரு கோட்டின் நீளம் தெரிந்தால், அதன் இரு முனைகளிலிருந்தும் தூரத்துப் பொருளைப் பார்த்துக் கோணத்தை அளந்து, முக்கோணக் கணக்கால் அதன் இடத்தைச் சொல்லிவிடலாம். இதற்கு அவர் பயன்படுத்திய தியோடலைட் கருவியின் எடை அரை டன்! 1808-இல் தஞ்சைப் பெரிய கோவில் மேல் அதைத் தூக்கும்போது கயிறு அறுந்து மோதிச் சேதமாகிவிட்டது. இன்று சைக்கிள் ஹேண்டில் பாரில் மாட்டும் கருவி நூறு கிராம் சுமாருக்குத்தான் இருக்கிறது.

லாம்டன் கோணத்தை அளந்தார். ஜி.பி.எஸ். தூரத்தை அளக்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் "நான் இந்த இடத்தில் இருக்கிறேன், இப்போது மணி இது" என்று வானொலி அலையில் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அலை நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் போகும். நம்மிடம் வந்து சேர ஒரு நொடியில் பதினைந்தில் ஒரு பங்கு ஆகிறது. எவ்வளவு நேரம் ஆனது என்று தெரிந்தால், நேரம் பெருக்கல் வேகம், தூரம் வந்துவிடும். மூன்று செயற்கைக்கோள்களின் தூரம் தெரிந்தால் நாம் இருக்கும் இடம் கிடைத்துவிட வேண்டும்.

ஆனால் கிடைக்காது. ஏன்? செயற்கைக்கோளில் இருப்பது அணுக் கடிகாரம். நம் கருவியில் இருப்பது சாதாரண குவார்ட்ஸ் படிகம். ஒரு மைக்ரோ நொடி பிசகினாலே தூரத்தில் 300 மீட்டர் பிசகும். அதனால் நம் கடிகாரத்தின் பிசகையும் நாலாவது தெரியாத எண்ணாக வைத்துக்கொண்டு, நாலாவது செயற்கைக்கோளின் சிக்னலையும் கேட்க வேண்டியிருக்கிறது. நாலு தெரியாத எண்கள், நாலு சமன்பாடுகள்.

நம்ம ஊர்க்காரருக்கு இதை நினைவு வைத்துக்கொள்வது சுலபம். உலகளந்த பெருமாள் கோவில் கதை தெரியாதவர் இங்கே உண்டா? மழை இரவில் இடைகழியில் ஒருவர் படுக்கலாம், இருவர் உட்காரலாம், மூவர் நிற்கலாம் என்று மூன்று ஆழ்வார்களும் நின்றிருந்தபோது, நாலாவதாக ஒருவர் வந்து நெருக்கினார். அந்த நாலாமவர் வந்த பிறகுதான் விஷயமே விளங்கியது. ஜி.பி.எஸ்.ஸிலும் அதே கணக்கு: மூன்று பேர் போதும்னு தோணும், நாலாவது ஆள் வந்தால்தான் இடம் தெளிவாகும்.

2. எத்தனை மீட்டர் துல்லியம் வேண்டும்?

விளம்பரங்களில் எத்தனை வகைச் செயற்கைக்கோளை எடுக்கும் என்று பெரிதாகப் போடுவார்கள். அமெரிக்காவின் ஜி.பி.எஸ்., ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ என நாலு உலகளாவிய அமைப்புகள் உள்ளன. இது வெறும் அலங்காரம் இல்லை. திறந்த வயல்வெளியில் வானம் முழுக்கத் தெரியும், ஒரு அமைப்பே போதும். மலைப் பள்ளத்தாக்கில் இரண்டு பக்கமும் மலை மறைத்துவிடும், தலைக்கு மேலே ஒரு துண்டு வானம்தான் மிச்சம். அந்தத் துண்டில் நாலு செயற்கைக்கோள் அகப்பட வேண்டுமென்றால் பல அமைப்புகளையும் கேட்கும் கருவிதான் நல்லது. செயற்கைக்கோள்கள் எல்லாம் வானத்தின் ஒரே மூலையில் கும்பலாக இருந்தாலும் கணக்கில் பிசகு பெருகும்.

இன்னொரு தொல்லை, எதிரொலி. பாறையில் மோதித் திரும்பி வரும் அலை கொஞ்சம் தாமதமாக வரும். கருவி அதை நிஜ தூரம் என்று நம்பிவிடும். இதைக் குறைக்கத்தான் விலை கூடிய கருவிகளில் எல்1 (1575.42 மெகாஹெர்ட்ஸ்), எல்5 (1176.45 மெகாஹெர்ட்ஸ்) என்று இரண்டு அலைவரிசைகளையும் எடுக்கிறார்கள்.

சரி, நமக்கு எவ்வளவு துல்லியம் வேண்டும்? 2000-ஆம் ஆண்டு மே மாதம் வரை அமெரிக்க ராணுவம் பொதுமக்கள் சிக்னலில் வேண்டுமென்றே பிசகு சேர்த்து வைத்திருந்தது. அப்போது நூறு மீட்டர் வரை தவறு வரும். அதை நிறுத்திய பிறகு, திறந்த வெளியில் ஐந்து மீட்டர் சுமாருக்கு வந்துவிட்டது. மலையில் அது பத்து, இருபது என்று கூடினாலும் பரவாயில்லை. நாம் நிலம் அளக்கப் போகவில்லை. பிரிகிற இரண்டு சாலையில் எது நம்ம சாலை என்று தெரிந்தால் போதும். பிரிந்து ஐம்பது மீட்டர் போவதற்குள் எந்தக் கருவியும் அதைச் சொல்லிவிடும். ஆகவே இரட்டை அலைவரிசைக்காக மட்டும் அதிகப் பணம் கொடுக்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை என்பது என் கருத்து.

நம் நாட்டின் நவிக் பற்றியும் சொல்லியாக வேண்டும். இஸ்ரோ 2013 ஜூலை 1 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இதன் முதல் செயற்கைக்கோளை ஏவியது. அதன் மூன்று ருபீடியம் அணுக் கடிகாரங்களும் பின்னர் பழுதாகிவிட்டன. செயற்கைக்கோள் நல்லா இருக்கு, கடிகாரம் போச்சு, அவ்வளவுதான் வழிகாட்டும் வேலை நின்றது! கடிகாரம்தான் இதில் உயிர் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை. 2023 மே 29 அன்று ஏவிய என்.வி.எஸ்.-01-இல் நம் நாட்டிலேயே செய்த ருபீடியம் கடிகாரம் போனது. உலகமெங்கும் பயன்படும் எல்1 அலைவரிசையும் அதில் சேர்க்கப்பட்டது. 2025 ஜனவரி 29 அன்று ஏவிய என்.வி.எஸ்.-02 உரிய சுற்றுப்பாதையை அடையவில்லை. 2020 முதல் சில செல்போன் சில்லுகள் நவிக்கை எடுக்கின்றன. சைக்கிள் கருவி வாங்கும்போது அட்டவணையில் நவிக் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மகிழ்ச்சி. இல்லை என்பதற்காக நல்ல கருவியைத் தள்ள வேண்டாம்.

3. போன் போதாதா?

இது நியாயமான கேள்வி. போனிலும் ஜி.பி.எஸ். சில்லு இருக்கிறது. டவர் இல்லாவிட்டாலும் அது வேலை செய்யும். இதைப் பலர் தெரியாமல் இருக்கிறார்கள். டவர் இல்லாத இடத்தில் போவது வரைபடம்தான், இடம் அல்ல. முன்கூட்டியே வரைபடத்தை இறக்கி வைத்துக்கொண்டால் போதும். ஆர்கானிக் மேப்ஸ், ஓஸ்மாண்ட் போன்ற செயலிகளில் தமிழ்நாடு வரைபடத்தை நம் கல்லூரி வைஃபையிலேயே காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம்.

போனின் பலவீனம் மின்சாரத்தில் இருக்கிறது. கணக்குப் பாருங்கள். 5000 மில்லி ஆம்பியர் மணி பேட்டரி, 3.85 வோல்ட். பெருக்கினால் சுமார் 19 வாட் மணி. வெயிலில் திரை தெரிய வெளிச்சத்தை முழுசா வைக்கணும். திரையும் ஜி.பி.எஸ்.ஸும் சேர்ந்து 3 வாட் இழுக்கிறது என்று வைத்தால், ஆறு மணி நேரத்தில் போன் படுத்துவிடும். திருக்கோவிலூரிலிருந்து கள்ளக்குறிச்சி, கச்சிராயபாளையம், கோமுகி அணை வழியாக வெள்ளிமலை போய்ச் சேர எண்பது கிலோமீட்டர் சுமாருக்கு வரும். சமவெளியில் மணிக்கு 15, மலை ஏற்றத்தில் 6 அல்லது 7, நடுவில் சாப்பாடு, பஞ்சர், ஓய்வு எல்லாம் சேர்த்தால் எட்டு, ஒன்பது மணி நேரம். ஆபத்து நேரத்தில் பேச வேண்டிய போன், வழி காட்டியே செத்துப்போனால் என்ன செய்வது?

சைக்கிள் கருவியின் திரை வேறு வகை. வெயில் பட்டால் அந்த வெயிலையே எதிரொளித்துக் காட்டும். அதனால் பகலில் பின்விளக்கே தேவையில்லை. ஒரு கருவி 3.7 வாட் மணி பேட்டரியில் 25 மணி நேரம் ஓடுகிறது என்று வைத்தால், அது இழுப்பது 0.15 வாட்தான். போனில் இருபதில் ஒரு பங்கு.

மற்ற இரண்டு விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒன்று, மழை. ஐ.பி.எக்ஸ்.7 என்று போட்டிருந்தால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று அர்த்தம். இரண்டு, அதிர்வு. பைக் எஞ்சின் அதிர்வு போன் கேமராவைக் கெடுக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-இல் எச்சரித்தது. சைக்கிளில் எஞ்சின் இல்லை என்றாலும், ஜல்லிச் சாலையில் விலை கொடுத்து வாங்கிய போனை ஹேண்டில் பாரில் மாட்டுவது புத்திசாலித்தனம் அல்ல.

4. கருவிகள் மூன்று வகை

கடையில் எத்தனையோ பெயர்களில் விற்றாலும், வழிகாட்டுதல் என்ற கண்ணோட்டத்தில் பார்த்தால் வகை மூன்றே.

முதல் வகை: வேகமும் தூரமும் மட்டும் காட்டுவது. ஜி.பி.எஸ். இருக்கும், போன பாதையைப் பதிவு செய்யும். ஆனால் போக வேண்டிய பாதையைக் காட்டாது. ஐ.ஜி.பி.ஸ்போர்ட் பி.எஸ்.சி.100எஸ் இந்த வகை. பெயரில் ஜி.பி.எஸ். இருப்பதால் வழி காட்டும் என்று நினைத்து வாங்கிவிடக் கூடாது. நண்பர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது இதுதான்.

இரண்டாம் வகை: கோடு காட்டுவது. நாம் போனிலோ கம்ப்யூட்டரிலோ போட்டு வைத்த பாதையை ஜி.பி.எக்ஸ். கோப்பாக ஏற்றினால், திரையில் ஒரு கோடும், நாம் இருக்கும் இடத்தில் ஒரு அம்புக்குறியும் தெரியும். சுற்றிலும் ஊர், சாலை எதுவும் தெரியாது. கோட்டை விட்டு விலகினால் சத்தம் போடும். ஐ.ஜி.பி.ஸ்போர்ட் பி.எஸ்.சி.200, கார்மின் எட்ஜ் 130 பிளஸ் ஆகியவை இந்த வகை. பேட்டரி முன்னதற்கு 25 மணி நேரம், பின்னதற்கு 12 மணி நேரம் என்று நிறுவனங்கள் சொல்கின்றன.

மூன்றாம் வகை: முழு வரைபடம் உள்ளது. கார்மின் எட்ஜ் 530, 540, வாஹூ எலமென்ட் போல்ட், ஐ.ஜி.பி.ஸ்போர்ட் ஐ.ஜி.எஸ்.630 போன்றவை. இவற்றில் கார்மின் கருவிகள் வழி தவறினால் தாமாகவே புது வழியும் கணக்குப் போட்டுத் தரும். நிறுவனங்கள் சொல்லும் பேட்டரி நேரம்: எட்ஜ் 530-க்கு 20 மணி, எட்ஜ் 540-க்கு 26 மணி, 2021-இல் வந்த போல்ட்டுக்கு 15 மணி, ஐ.ஜி.எஸ்.630-க்கு 35 மணி.

விலையை நான் எழுதவில்லை. மலர் அச்சாகி வருவதற்குள் மாறிவிடும். இரண்டாம் வகையில் மலிவானதற்கும் மூன்றாம் வகையில் உயர்ந்ததற்கும் இடையே பல மடங்கு வித்தியாசம் என்பதை மட்டும் சொல்லலாம்.

இப்போது எல்லோரும் கேட்பது: "காசு இருந்தா மூணாவது வகைதானே நல்லது?" பதில் அவ்வளவு சுலபம் இல்லை. அடுத்த பகுதியைப் படியுங்கள்.

5. வரைபடம் யாருடையது?

நான் படித்ததில் என்னை நிறுத்திய விஷயம் இதுதான். கார்மினின் சைக்கிள் வரைபடம், வாஹூவின் வரைபடம், ஐ.ஜி.பி.ஸ்போர்ட்டின் வரைபடம் மூன்றுக்கும் அடிப்படை ஒன்றே: ஓபன் ஸ்ட்ரீட் மேப். 2004-இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கியது. உலகெங்கும் உள்ள சாதாரண மக்கள் தங்கள் ஊர்ச் சாலையைத் தாங்களே வரைந்து சேர்க்கும் இலவச வரைபடம். நாம் போனில் இறக்கும் ஆர்கானிக் மேப்ஸும் ஓஸ்மாண்டும் அதே வரைபடம்தான்.

இதன் பொருள் என்ன? பெரிய விலை கொடுத்து வாங்கிய கருவியில் ஒரு மலைக் கிராமத்துச் சாலை இல்லை என்றால், சின்ன விலைக் கருவியிலும் இருக்காது, இலவசப் போன் செயலியிலும் இருக்காது. பணம் கொடுத்து வாங்குவது திரையையும் பேட்டரியையும்தான். ஊரை அல்ல.

நம் லேப் கம்ப்யூட்டரில் கல்வராயன் மலைப் பகுதியைத் திறந்து, செயற்கைக்கோள் படத்தையும் வரைபடத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். மூன்று வகைக் குறைகள் தெரிந்தன. ஒன்று, படத்தில் பாதை தெரிகிறது, வரைபடத்தில் கோடே இல்லை. இரண்டு, கோடு இருக்கிறது, ஆனால் பெரிய சாலையோடு சேராமல் சில மீட்டர் இடைவெளியில் நிற்கிறது. கண்ணுக்கு அது சேர்ந்த மாதிரிதான் இருக்கும். வழி கணக்கிடும் நிரலுக்கோ அது முட்டுச்சந்து. நம் சர்க்யூட்டில் ஒரு சால்டரிங் விட்டுப்போனால் கரண்ட் பாயாதது போல. மூன்று, காட்டு ஒற்றையடிப் பாதை சாலை மாதிரியே குறிக்கப்பட்டிருக்கிறது. கருவி "இதுதான் குறுக்கு வழி" என்று அங்கே அனுப்பும். மாலை ஐந்து மணிக்கு மலையில் அப்படி ஒரு வழியில் பதினாறு பேர் இறங்கினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். வனத்துறைக் காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைந்த குற்றமும் சேரும்.

நான் பார்த்துக்கொண்டிருந்தபோது, மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் நண்பன் ஒருவன் பக்கத்தில் உட்கார்ந்தான். "எங்க ஊரைக் காட்டுடா" என்றான். பெயரை அடித்துத் தேடினோம், வரவில்லை. வெள்ளிமலையிலிருந்து அவன் சொல்லச் சொல்ல விரலால் போனோம். செயற்கைக்கோள் படத்தில் வீட்டுக் கூரைகள் தெரிந்தன, அவன் படித்த தொடக்கப் பள்ளிக் கட்டடம் தெரிந்தது. வரைபடத்துக்கு மாற்றினால் வெறும் பச்சை. "அப்ப நாங்க காட்டுலதான் இருக்கோம்" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கல்வராயன்மலை இன்று வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்ட தனி வட்டம். 2019 நவம்பரில் தொடங்கப்பட்ட நம் கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் பகுதி. ரேஷன் கார்டு உள்ள மனிதர்கள், ஓட்டுப் போடுகிறவர்கள். வரைபடத்தில் மட்டும் காடு.

ஆகவே இந்த மலைக்குப் போகிற வரையில், "தானாக வழி கண்டுபிடிக்கும்" என்ற வசதிக்குக் கொடுக்கும் பணம் பெரும்பகுதி வீண். தெரிந்தவர் ஒருவர் சரிபார்த்துப் போட்டுக் கொடுத்த கோடு, கருவி தானாகக் கணக்கிட்ட வழியை விட நம்பகமானது. கோட்டைக் காட்ட இரண்டாம் வகையே போதும்.

6. வாங்கும்போது கடையில் கேட்க வேண்டிய கேள்விகள்

அ) ஜி.பி.எக்ஸ். கோப்பை ஏற்றி அந்தப் பாதையைப் பின்தொடர முடியுமா? முடியாது என்றால் அங்கேயே வைத்துவிட்டு வரவும்.

ஆ) பேட்டரி எத்தனை மணி? நிறுவனம் சொல்வதில் எழுபது சதவீதத்தைக் கணக்கில் எடுங்கள். நமக்கு இரண்டு நாளில் 16 மணி நேரம் வேண்டும். 16-ஐ 0.7-ஆல் வகுத்தால் 23. ஆக 23 மணிக்குக் குறையாதது வேண்டும். குறைந்தால் இரவில் சார்ஜ் போட பவர் பேங்க் கட்டாயம்.

இ) சார்ஜ் போடும் பின் எது? டைப்-சி என்றால் போன் ஒயரே போதும்.

ஈ) காற்றழுத்த உயரமானி உள்ளதா? ஜி.பி.எஸ்.ஸில் உயரக் கணக்கு, இடக் கணக்கை விட மோசமாக வரும். எல்லாச் செயற்கைக்கோள்களும் நமக்கு மேலேயே இருப்பதுதான் காரணம். கீழேயிருந்து அளக்க ஆள் இல்லை. காற்றழுத்தமோ எட்டு, ஒன்பது மீட்டர் ஏறினால் ஒரு மில்லிபார் குறையும். சமவெளியிலிருந்து இரண்டாயிரம், மூவாயிரம் அடி ஏறும் கல்வராயன் மாதிரி மலையில், இன்னும் எவ்வளவு ஏற்றம் மிச்சம் என்று தெரிந்தால் மூச்சைச் சேமிக்கலாம்.

உ) மாட்டும் பிடி எந்தத் தடிமனுக்குப் பொருந்தும்? ரப்பர் வளையம் போட்டுக் கட்டும் வகையாக இருந்தால் பிளஸ் ஒன்னில் அரசு கொடுத்த சைக்கிளிலும் நிற்கும். நம்மில் பாதிப் பேர் வண்டி அதுதானே!

ஊ) இந்தியாவில் பில்லும் உத்தரவாதமும் உண்டா? வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கி வரும் மூன்றாம் வகைக் கருவியில் அந்த நாட்டுப் பகுதி வரைபடம் மட்டும் இருக்கலாம். இந்திய வரைபடத்தை ஏற்ற முடியுமா என்று முதலில் கேட்டுக்கொள்ளவும்.

எ) இதயத் துடிப்பு, மிதி விசை, பயிற்சிப் புள்ளி விவரம் இவையெல்லாம் பந்தயக்காரர்களுக்கு. நமக்கு வேண்டியதில்லை.

7. பாதையை எப்படித் தயாரிப்பது?

முதலில் கம்ப்யூட்டரில் பாதையை வரைந்து, செயற்கைக்கோள் படத்தின் மேல் வைத்து ஒவ்வொரு பிரிவையும் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். பிறகு அதை மலை நண்பர்களிடம் காட்ட வேண்டும். எந்தச் சாலையில் பேருந்து போகிறது, எங்கே தண்ணீர் கிடைக்கும், எந்த ஓடையில் மழைக்குப் பின் சைக்கிளைத் தூக்கிப் போகணும் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். பேருந்து போகிற சாலையை விட்டு விலகக் கூடாது என்பது நம் குழுவின் விதியாக இருக்கட்டும்.

மூன்றாவதாக, அதே பாதையை ஒரு தாளில் எழுத வேண்டும்: ஊர்ப் பெயர், அடுத்த ஊருக்குத் தூரம், எந்தப் பக்கம் திரும்புவது. அரைப் பக்கம் வரும். ஆளுக்கு ஒரு நகல். பேட்டரி தீராத ஒரே கருவி இதுதான்.

நாலாவதாக, அகலாங்கு, நெட்டாங்கு எண்ணைப் படிக்க எல்லோரும் பழகிக்கொள்ளுங்கள். திருக்கோவிலூர் சுமார் 11.97 வடக்கு, 79.20 கிழக்கு. புள்ளிக்குப் பின் ஐந்து இலக்கம் வரை சொன்னால் ஒரு மீட்டர் அளவுக்கு இடத்தைச் சொன்னதாகும். பெயர் தெரியாத வளைவில் யாராவது விழுந்துவிட்டால், 108-க்குப் பேசும்போது பக்கத்து ஊர்ப் பெயரோடு இந்த எண்ணையும் சொல்லலாம்.

கடைசியாக, சந்தேகம் வந்தால் நிறுத்தி டீக்கடையில் கேளுங்கள். திரையைப் பார்த்துக்கொண்டே ஊரைத் தாண்டிப் போகிறவனுக்கு யாரும் வலிய வந்து வழி சொல்ல மாட்டாங்க.

8. என் பரிந்துரை

சேர்ந்திருக்கும் எட்டாயிரத்துக்கு மேல் ஒரு ரூபாயும் வசூலிக்க வேண்டாம். இரண்டாம் வகையில், 23 மணிக்குக் குறையாத பேட்டரியும் டைப்-சி பின்னும் உள்ள ஒரே ஒரு கருவி, இந்தப் பணத்துக்குள் கிடைத்தால் வாங்கலாம். அது முன்னால் போகிறவரிடம் இருக்கட்டும். கடைசியில் வருகிறவரிடம் வரைபடம் இறக்கிய போன், திரையை அணைத்த நிலையில் இருக்கட்டும். மிச்சப் பணத்தில் சிவப்புப் பின்விளக்கும் பஞ்சர் சாமானும் வாங்குவோம். பயணம் முடிந்ததும் கருவி மன்றத்தின் சொத்தாக அலமாரியில் இருக்க வேண்டும், அடுத்த ஆண்டு மாணவர்களுக்கும் பயன்பட வேண்டும். பணத்துக்குள் கிடைக்கவில்லை என்றால் போன், பவர் பேங்க், தாள் இவற்றோடு போவோம். அதனால் பயணம் கெடாது.

இன்னொரு பரிந்துரையும் உண்டு. போகிற வழியெல்லாம் கருவி நம் பாதையைப் பதிவு செய்யும். திரும்பி வந்ததும் அந்தப் பதிவை வைத்து, விட்டுப்போன சாலைகளையும் ஊர்ப் பெயர்களையும் ஓபன் ஸ்ட்ரீட் மேப்பில் நாமே சேர்ப்போம். இதற்குக் கட்டணம் இல்லை, ஒரு கணக்குத் தொடங்கினால் போதும். மற்ற நிறுவன வரைபடத்தைப் பார்த்துக் காப்பி அடிக்கக் கூடாது, நேரில் பார்த்ததையும் அந்த ஊர்க்காரர் சொன்னதையும் மட்டும் எழுத வேண்டும். பெயரை அந்த ஊர் மக்கள் எப்படிச் சொல்கிறார்களோ அப்படியே தமிழில் எழுத வேண்டும். நம் விடுதி நண்பனின் ஊரிலிருந்து தொடங்கலாம். அவன் சம்மதித்துவிட்டான், பொங்கலுக்கு அவன் வீட்டில் சாமைச் சோறு என்றும் சொல்லியிருக்கிறான்.

முடிவுரை

லாம்டன் காலத்தில் ஒரு நாட்டை அளக்க ஒரு சாம்ராஜ்யத்தின் பணமும் அரை டன் கருவியும் வேண்டியிருந்தன. இன்று ஒரு டிப்ளமோ மாணவன் கையில் அந்த வேலையில் ஒரு பங்கு வந்துவிட்டது. கருவி எது வாங்கினாலும் நாம் போட்ட கோட்டைத்தான் அது காட்டும். நாம் சேர்த்த ஊரைத்தான் அது சொல்லும். ஆகையால் நண்பர்களே, கடைக்குப் போவதற்கு முன் வரும் சனிக்கிழமை மாலை லேப்புக்கு வாருங்கள். பாதையை முதலில் போடுவோம்.